பூச்சி மிட்டாய்ப் பொட்டலத்தில் என் தம்பி

பொட்டலம் ஒட்டக் கொதிக்கிற மைதாப் பசையில், பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டால் ஒரு வாடை வருமே, அது எங்கேயாவது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. தென்காசியில் எங்கள் வீட்டு முன்னறை முழுக்க அந்த வாடைதான். அப்பாவுக்கு மருந்துக் கடை. குழந்தைகளின் வயிற்றுப் பூச்சிக்கு அவர் கொடுத்த மருந்து நல்ல மருந்துதான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் அந்தக் கசப்புக்கு எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? காலுக்கிடையில் இடுக்கி, மூக்கைப் பிடித்து, சங்கில் ஊற்றிப் புகட்டி நிமிர்வதற்குள் பாதி மருந்து பெற்றவளின் சேலையில் இருக்கும்.

அப்பா அந்த மருந்தைச் சர்க்கரைப் பாகில் கலந்து வில்லையாக்கினார். அதோடு விட்டாரா? சாயங்காலங்களில் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வெள்ளை, நீலம், சிவப்பு என்று வெறும் பொட்டலங்களை முன்னால் பரப்பி, எந்தக் கை எதற்கு முதலில் நீளுகிறது என்று கண் கொட்டாமல் பார்ப்பார். சிவப்புக்குத்தான் நீண்டது. யானைப் படம் ஒட்டிப் பார்த்தார், கிளிப் படம் ஒட்டிப் பார்த்தார். பிள்ளைகளோ, சிரிக்கிற பிள்ளையின் முகம் இருந்தால் மற்றதைத் திரும்பியும் பார்க்கவில்லை. உடனே நாடகத் திரைச்சீலையில் படம் எழுதுகிற ஒருவரை அழைத்து, நாலு வயதான என் தம்பி சண்முகத்தை உட்கார வைத்து, குண்டுக் கன்னமும் நெற்றிச் சுருளுமாக வரையச் சொன்னார். ஒன்றுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற வரி படத்தின் அழகைக் கெடுக்கிறது என்று அதைப் பொட்டலத்தின் உள்மடிப்புக்குத் தள்ளிவிட்டார்.

குற்றாலத்தில் 'சாரல்' தொடங்கியதும் அருவிக்குப் போகும் வழியில் கடை போட்டார். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிற பிள்ளைகள் அந்தச் சிவப்பைக் கண்டதும் அப்பன் கையைப் பிடித்து இழுத்தார்கள். 'பூச்சி மிட்டாய்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மா மட்டும் ஒருநாள் பொட்டலம் மடித்துக்கொண்டே சொன்னாள்:

"பிள்ளைய ஏமாத்தி மருந்து குடுக்குதது சரி. பிள்ளையே தேடி எடுத்துத் திங்குத மாதிரி செய்யலாமா?"

அப்பா சிரித்தார். பிழைக்கத் தெரியாதவள் என்றார்.

தம்பிக்கோ தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பொட்டலத்தைக் காட்டி, "எம் படம் போட்டதெல்லாம் எனக்குத்தான்" என்பான். எல்லாரும் சிரித்தோம், அவன் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தோம். அவன் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஒரு மத்தியானம், அப்பா குற்றாலத்துக் கடையில் இருக்க, அம்மாவும் நானும் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். தம்பி உள்ளேயிருந்து தள்ளாடி வந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, எல்லாம் மஞ்சளாத் தெரியுது."

முன்னறையில் மிட்டாய்ப் பொட்டலம் வைத்திருந்த கூடை கவிழ்ந்து கிடந்தது. தரையெல்லாம் பிரித்த சிவப்புத் தாள். அம்மா அவன் தொண்டைக்குள் விரலை விட்டாள், உப்புத் தண்ணீரைப் புகட்டினாள், தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினாள். வழியிலேயே கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கிவிட்டது. அப்பா வந்து சேர்ந்தபோது பிள்ளையைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதையாக, அப்பா மறுநாளே கடைச் சரக்கையெல்லாம் வண்டியில் கொண்டுவந்து கொல்லையில் குவித்துத் தீ வைத்தார். அச்சுக்கட்டை, வரைந்த மூலப் படம், அடித்து வைத்த தாள்கள், எல்லாம் போயின. அழுது மயங்கிக் கிடந்த அம்மா விழித்து வந்து பார்த்தபோது சாம்பல்தான் இருந்தது. பிள்ளையைப் போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று பயந்து நாங்கள் அவனை ஒரு படமும் எடுத்து வைத்திருக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு எனக்குன்னு வச்சிருக்கப்படாதா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அப்பாவோடு அவள் அதிகம் பேசியதில்லை.

காரியம் முடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனாள். யாராவது தின்றுவிட்டு எறிந்த தாள் கிடக்காதா என்று, கடை இருந்த இடத்திலும் ஓடையோரத்திலும் குனிந்து குனிந்து தேடினோம். குளிக்க வந்தவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கிடைத்ததெல்லாம் சாரலில் ஊறிக் கூழாகி, தொட்டால் கையோடு பிய்ந்து வந்தது. சிவப்பு மட்டும் விரலில் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது பஸ் நிற்கிறது. அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. கடைகளில் குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் சிரிக்கிற பிள்ளை முகங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. எனக்கு அங்கே நிற்க முடிவதில்லை. தம்பியை நினைத்தால் ஒரு முகம் வரத்தான் செய்கிறது, குண்டுக் கன்னமும் நெற்றிச் சுருளுமாக. ஆனால் அது அழுவதில்லை, கோபப்படுவதில்லை, தூங்குவதில்லை. எப்போது பார்த்தாலும் சிரித்துக்கொண்டே இருக்கிறது. அது என் தம்பி இல்லை, அந்தப் படம்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.