நாரைக்கு சர்வே நம்பர்

நாரைக் கூட்டைப் படம் பிடிக்கும் வேலைக்கு முதல் தேவை பொறுமை. என்னிடம் இல்லாததும் அதுதான். என்னைக் காமிராவைத் தூக்க வைத்தவை வரிசையாக நடந்த அநியாயங்கள். ஒன்று, தாமிரபரணிக் கால்வாய் நிறைக்கும் எங்கள் குளத்தின் மடைச்சாவி ஒரே வீட்டுக்குப் போனது. இரண்டு, கூலி உயர்வு கேட்ட அறுப்பாட்களுக்கு வேலை மறுத்தது. மூன்று, எங்கள் தெரு விலக்கில் டவுன் பஸ் நிற்பதை நிறுத்தியது. நான்கு, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம், நாரைகள் குஞ்சு பொரித்திருக்கும்போதே குளத்துக் கருவேல மரங்களை வெட்ட ஏல நோட்டீஸ் ஒட்டியது. முதல் மூன்றுக்கும் துண்டறிக்கை அடித்தேன், ஒருவரும் அசையவில்லை. மனுக் கொடுத்து அலைந்த உங்களுக்கு இது புதிதல்ல. நாலாவதற்குப் படத்தோடு போவது என்று முடிவு செய்து, ஜங்ஷனில் ஸ்டுடியோ வைத்திருந்த நண்பரிடம் காமிரா இரவல் வாங்கினேன்.

முதல் ரோல்

இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி ஒரு ரோல் முழுக்க எடுத்துத் தீர்த்தேன். நான் ஓரடி வைத்தால் நாரைகள் பத்தடி எழும்பின. கழுவிப் பார்த்த ஸ்டுடியோக்காரர் சொன்னார்: “முப்பத்தாறும் வானமா இருக்கு வே. அதையா வெட்டப் போறானுவ?”

சிவப்புச் சட்டை

போலீஸ் சொல்லியும் நான் கழற்றாத சட்டை அது. குளத்தில் வலை போடும் சுடலைமுத்து என்னைக் கரையிலேயே மறித்தார்: “அதைக் கழத்தி வச்சிட்டு பைய வாங்க அண்ணாச்சி. தாய் எந்திச்சிப் போனா குஞ்சு வெயில்ல வெந்துரும். நீங்களும் ஏலக்காரனும் ஒண்ணாயிருவீங்க.”

கழற்றினேன். அடுத்த ரோலில் குஞ்சுகள் பதிந்தன, தாயின் நிழலோடு.

அத்தாட்சி

படங்களை ஏலம் விடும் அதிகாரியிடம் நீட்டினேன். ஒவ்வொன்றாக ரசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “நல்லாத்தான் இருக்கு. இது இந்தக் குளம்னு எப்படித் தெரியும்? நாரை முதுகுல சர்வே நம்பர் இருக்கா?”

சிலேட்டு

இருக்கும்படி செய்தோம். குளத்தின் பெயரையும் சர்வே நம்பரையும் சிலேட்டில் எழுதி, அதைப் பிடித்துக்கொண்டு கூட்டுக்குக் கீழே நிற்கும்படி சுடலைமுத்துவிடம் சொன்னேன். தினமும் பார்க்கிற ஆள் என்பதால் நாரைகள் அவரைச் சட்டை செய்யவில்லை. மேலேயிருந்து எச்சம் விழுந்தது. தலையைத் துடைக்காமல் அவர் கேட்டார்: “நம்பர் தெரியுதா பாருங்க அண்ணாச்சி. பேருக்கு மேலதான் பேண்டிருக்கு.”

ஏல நாள்

ரம்பத்தோடு ஆட்கள் கரையில் காத்திருந்தார்கள். அதிகாரி சிலேட்டுப் படத்தை நோட்டீஸோடு ஒப்பிட்டுப் பார்த்தார், நம்பர் பொருந்தியது. குஞ்சு பறக்கும்வரை ஏலம் தள்ளிவைப்பு, அதுவரை ஒரு கிளை குறைந்தாலும் பதில் சொல்ல ஊரில் ஓர் ஆள் வேண்டும் என்றார். சுடலைமுத்து என் பக்கம் கையைக் காட்டினார்: “வேற ஆளா தேடணும்? எல்லாத்துக்கும் முன்னால நிக்கவரு இவருதானே.”

ஆயுள் முழுக்க அரசாங்கத்தை எதிர்த்தே கையெழுத்துப் போட்டவன், சம்பளமில்லாமல் அதற்கு மரக்காவல் பார்க்க ஒப்புக்கொண்டு நின்றபோது, அதிகாரியின் எழுத்தர், கையெழுத்துப் போட வந்த ஐந்து சாட்சிகளுக்குக் கேட்கும்படி என் பெயரை வாசித்தார்: “பொறுப்பாளர், பேச்சிமுத்து மகன் ஆறுமுகம்.”