கேட்டுக்கு உள்ளே ஆயா

"நான் சொல்றதை இந்த வீட்டுல யாரு கேக்குறா?"

குழாயைச் சரியாக மூடாவிட்டாலும் இதுதான், ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டாலும் இதுதான். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது ஆரம்பித்தால் விளக்கை அணைக்கும்வரை அவள் வாயில் இந்தப் பாட்டு ஓயாது. வேன் ஓட்டும் புருஷன் காதில் வாங்கவே மாட்டான். நாலு வயது மகள் சிட்டு மட்டும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நிற்கும்.

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. சின்னப் பிள்ளைகளைக் கழுவிவிடுவது, மூக்கைத் துடைப்பது, வாந்தியை அள்ளுவது. அங்கேயே மகளுக்கும் இடம் கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து இவளுக்கு ஒரே கவலை. ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "வேலை நேரத்துல உங்க பொண்ணைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காதீங்க." வீடு வந்து சேர்வதற்குள் இவள் அதை ஊதிப் பெரிதாக்கிவிட்டாள். காரில் வந்து இறங்குகிற பிள்ளைகள் நடுவே, துடைப்பமும் வாளியுமாக நிற்கிறவளை "அம்மா" என்று இது ஓடிவந்து கட்டிக்கொண்டால்? கக்கூஸ் கழுவுகிறவள் பெண்ணோடு யார் சேருவார்கள்?

வீட்டிலேயே தினமும் ஒத்திகை. சமையலறை வாசல்தான் பள்ளிக்கூட கேட். இந்தப் பக்கம் மகளை நிறுத்திக் கேட்பாள்.

"கேட்டுக்கு வெளியே நான் யாரு?"

"அம்மா!"

"உள்ளே?"

"ஆயா!"

சரியாகச் சொன்னால் கன்னத்தில் ஒரு முத்தம்.

"அப்போ என் வேன்ல ஏறினா என்னை டிரைவர்னு கூப்பிடணுமா?" என்றான் புருஷன்.

"நீ சும்மா இரு. நாளைக்குப் பிள்ளை துணையில்லாம நிக்கும், நீயா போய் விளையாடுவ?"

முதல் நாள் வந்தது. வகுப்பு முழுக்க "அம்மா, அம்மா" என்று ஒரே கூப்பாடு. இவள் ஒவ்வொரு பிள்ளையாகக் கண்ணைத் துடைத்துவிட்டாள். சிட்டு மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அப்பாடா என்றிருந்தது இவளுக்கு. கொஞ்சம் பெருமையும்தான்.

மணியடித்துக் கொஞ்ச நேரத்தில் அந்த வருஷம் புதிதாக வந்த டீச்சர் குரல் கொடுத்தாள். "ஆயா! ஒண்ணு பாவாடையை நனைச்சிடுச்சு, வாங்க!"

வாளியோடு ஓடினாள். நனைத்து நின்றது சிட்டு.

"காலைலேர்ந்து வாயே தொறக்கல ஆயா. ஒண்ணுக்கு வந்தா கேக்கணும்னுகூடச் சொல்லிக் கொடுக்காம அனுப்பியிருக்கா இதோட அம்மா. பையில மாத்துத்துணியும் இல்ல. என்ன பொம்பளையோ!"

ஊரார் பிள்ளைகளின் பையில் மாற்றுத்துணி இருக்கிறதா என்று துழாவுகிறவள் தன் பிள்ளைக்கு வைக்கவில்லை. சொல்லக் கூடாததைச் சொல்லிக் கொடுப்பதிலேயே நாளெல்லாம் போய்விட்டது. குனிந்து தரையைத் துடைத்தாள்.

"உங்கம்மா எங்கடா இருக்காங்க?" டீச்சர் குழந்தையைக் கேட்டாள்.

துடைத்த கை நின்றது. ஆனது ஆகட்டும், நான்தான் அம்மா என்று சொல்லிவிட வாயெடுப்பதற்குள் சிட்டு முந்திக்கொண்டது.

"வீட்ல தூங்குறாங்க மிஸ்."

"நல்லாத் தூங்கட்டும்!" என்றாள் டீச்சர்.

குழாயடியில் மகளின் காலைக் கழுவிவிட்டபடி இவள் கிசுகிசுத்தாள். "இங்க யாரும் இல்லடி கண்ணு. அம்மான்னு சொல்லு."

சிட்டு திரும்பி கேட்டைப் பார்த்தது. "இது உள்ளே." அப்புறம், "நான் சரியாச் சொன்னேன்ல, ஆயா?" என்று கன்னத்தைக் காட்டியது.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை டீச்சரிடம் சொல்லிவிடக் கிளம்பினாள். சொன்னால் பிள்ளை பொய்க்காரி ஆகிவிடும் என்று பாதியில் திரும்பிவிட்டாள். தூங்குமூஞ்சி அம்மாவுக்கு விழுகிற வசவையெல்லாம் ஆயாவாக நின்று கேட்டுக்கொள்கிறாள். வீட்டில் அந்தப் பழைய பாட்டும் நின்றுபோனது. சொன்னதைக் கேட்க ஒரு ஆள் இருந்தது அவளுக்கு இப்போது தெரியும்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிறவர்கள் குழாயடிப் பக்கம் ஒரு எட்டுப் போய் அவளைப் பாருங்கள். வாளி நிரம்புகிற சத்தத்தில், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சிட்டு அம்மா, நல்லாயிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.