கதவைத் திறக்கும் முதல் ஆள்

அந்த விளையாட்டில் சுடுவதைவிட வரைவதுதான் அதிகம். திரையில் ஒரு கட்டடம் தெரியும், கூரையைக் கழற்றிவிட்டு மேலேயிருந்து பார்ப்பதுபோல. அறைகள், கதவுகள், ஒரு படிக்கட்டு. ஏதோ ஓர் அறையில் பணயக்கைதிகள் மஞ்சள் புள்ளிகளாக அடைந்து கிடப்பார்கள். நம்மிடம் நான்கு ஆட்கள். யார் எந்தக் கதவு வழியாகப் போக வேண்டும், யார் எங்கே நின்று காத்திருக்க வேண்டும், யாருக்குப் பின்னால் யார் என்பதையெல்லாம் கோடாக வரைந்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதற்கப்புறம் நம் கையில் எதுவுமில்லை. வரைந்தபடி அவர்கள் போவார்கள். திட்டம் சரியாக அமைந்தால் மஞ்சள் புள்ளிகள் வாசலுக்கு வந்து சேரும். பிசகினால் நம் ஆள் எவனாவது கதவோரம் விழுந்து கிடப்பான். செத்தவன் செத்தவன்தான், அடுத்த கட்டத்துக்கு வரமாட்டான்.

நான் பிறப்பதற்கு முன்பே வந்த விளையாட்டு அது. வந்த காலத்திலும் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை போலிருக்கிறது. கல்லூரியில் விளையாட்டே கதியென்று கிடந்த பையன்களிடம் கேட்டிருக்கிறேன், ஒருவனுக்கும் தெரியவில்லை. எனக்கு அது கிடைத்தது ஒரு கோழிப்பண்ணை ஆபீஸ் ரூமில்.

பண்ணை என் நண்பனுடைய அப்பாவினுடையது. எங்கள் ஊரில் பாதி நிலம் அவர்களுடையது, பண்ணையும் அவர்களுடையது, திருச்செங்கோட்டில் நிற்கும், போர்வெல் போடுகிற ரிக் வண்டிகளும் அவர்களுடையவை. என் அம்மா அந்தப் பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைக்குப் போனாள், இன்றும் போகிறாள். நானும் அவனும் ஊர்ப் பள்ளியில் ஒரே வகுப்பு. பிறகு அவனை விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். லீவுக்கு வந்தால் என்னைத் தேடுவான். தீவனக் கணக்குக்காக வாங்கிப்போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரில், அவன் பெரியப்பா மகன் எப்போதோ ஏற்றிவைத்த விளையாட்டு அது.

வெளியே கேட்டுக்கு அருகில் அவனைப் பார்த்தால் நான் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவேன். அம்மா அப்படிச் சொல்லியிருந்தாள், அவனும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆபீஸ் ரூமுக்குள் கதவைச் சாத்திவிட்டால் "டா" போட்டுக்கொள்வோம். எனக்குத் தலைக்கு மேல் ஃபேன், உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலி. ஜன்னல் வழியே அம்மா அட்டை அட்டையாக முட்டையைத் தூக்கிக்கொண்டு போவது தெரியும். நான் நாற்காலியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டுக்கொள்வேன்.

ஆட்களுக்குப் பெயர் மாற்றும் வசதி அந்த விளையாட்டில் இருந்தது. அவன் தன் பெயரைத் தலைவனுக்கு வைத்தான். தலைவன் எப்போதும் வெளியில் நிற்பான், ஜன்னல் பக்கம் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு. அவனுடைய பெரியப்பா மகன் பெயர் இரண்டாவது ஆளுக்கு, மாமன் மகன் பெயர் மூன்றாவது ஆளுக்கு. என் பெயர் கதவைத் திறந்து முதலில் உள்ளே போகிறவனுக்கு.

"நீதான்டா முதல் ஆளு," என்றான்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன், அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் என் பெயர்தான் முன்னால் இருக்கிறது என்று. அவர்களுடைய சொந்தக்காரப் பையன்களெல்லாம் எனக்குப் பின்னால்தான் வருகிறார்கள் என்றும் சொன்னேன். அம்மா அதை மறுநாள் முட்டை பொறுக்கும் பெண்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

முதல் ஆள் அடிக்கடி சாவான். நண்பன் கொஞ்சமும் அலுத்துக்கொள்ள மாட்டான். "செத்தாலும் பரவால்லடா, கதவு தொறந்துருச்சு பாரு," என்பான். நானும் சிரிப்பேன். செத்தவனுக்குப் பதிலாக ரிசர்வ் என்று ஒரு புது ஆள் வருவான், பெயரில்லாமல். உடனே நண்பன் அந்தப் பெயர்க் கட்டத்தைத் தட்டி, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, என் பெயரைத் திரும்ப அடிப்பான். எத்தனை தடவை செத்தாலும் அடிப்பான். என்னை விட்டுவிட அவனுக்கு மனமில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். ராசிபுரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இன்ஜினியரிங் முடித்தேன். சேலத்தில் ஒரு ஆபீஸில் டேட்டா அடித்துக்கொண்டிருந்தேன், அதை இந்த வருடம் மூடிவிட்டார்கள். அவன் டிகிரியைப் பாதியில் விட்டுவிட்டு ரிக் தொழிலுக்குள் போய்விட்டான். நான் சும்மா இருப்பது தெரிந்து ஒருநாள் வண்டியை எங்கள் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினான். வடக்கே போகிற ரிக் ஒன்றுக்கு மேனேஜர் வேண்டுமாம். இங்கிலீஷ் தெரிந்த, படித்த ஆளாக வேண்டுமாம், இந்தியை அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாமாம். அவன் அப்பாவும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த வீட்டில் முதல்முறையாக என்னை உட்காரச் சொன்னார்.

மேனேஜர் என்ற சொல் எங்கள் தெருவில் அதுவரை யாருக்கும் அமைந்ததில்லை. அம்மா சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் பஸ் ஏறிப்போய் எனக்குச் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கிவந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம்கூட, "என்ற பையன் மேனேசருங்க," என்று சொல்லியிருக்கிறாள். எனக்கும் பெருமைதான், மறைக்க ஒன்றுமில்லை.

கிளம்புவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், மத்தியான நேரம் போக வேண்டுமே என்று பழைய விளையாட்டுகளை வைத்திருக்கும் ஒரு தளத்தில் தேடினேன், அது இருந்தது. பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் புது விளையாட்டு எதுவும் ஓடாது, இது மட்டும் நன்றாக ஓடியது. சிறுவயதில் எங்களுக்கு இங்கிலீஷ் வராது, எழுத்து வந்த பக்கத்தையெல்லாம் தட்டித் தள்ளிவிடுவோம். இப்போது பொறுமையாகப் படித்தேன். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. குறி பார்க்கும் திறமை, பதுங்கும் திறமை, தைரியம், எல்லாவற்றுக்கும் பட்டை பட்டையாக அளவு. ரிசர்வ் ஆளுக்கு எந்தப் பட்டையிலும் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கூடவே விளையாட்டோடு வந்த குறிப்பில் ஒரு யோசனை எழுதியிருந்தார்கள்: நல்ல ஆட்களைக் கடைசிக் கட்டம் வரை காப்பாற்றி வையுங்கள், எதிரி காத்திருக்கும் கதவுக்கு ரிசர்வ் ஆளை அனுப்புங்கள், அவன் தீர்ந்தால் இன்னொருவன் வருவான்.

நண்பன் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அவனுக்கும் அப்போது என்னளவுதான் இங்கிலீஷ். பெரியப்பா மகன் விளையாடியதைப் பார்த்துக் கற்றிருப்பான். ஆனாலும் கையைக் காலை வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை. கோபம் வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முட்டை அறையில் அம்மா என் பெருமையைச் சொன்னபோது அங்கே இருந்த பெண்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்றுதான் திரும்பத் திரும்பத் தோன்றியது.

அடுத்த நாள் ரிக்கில் சாமான் ஏற்றுவதைப் பார்க்க வரச் சொல்லியிருந்தான். திருச்செங்கோட்டில் அவர்கள் ஷெட்டுக்குப் போனேன். ஆட்கள் கேசிங் பைப் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் ஒரு டயர்மேல் உட்கார்ந்து எனக்கு வேலையை விளக்கினான். டீசல் போடுவது, பாயிண்ட் பிடிப்பது, அதாவது போர் போட ஆள் தேடி இடம் பேசுவது, பணம் வாங்குவது, ஆட்களுக்குச் சோறு பார்ப்பது. பிறகு, டீயை உறிஞ்சிக்கொண்டே, இன்னொன்றையும் சொன்னான்.

"தண்ணி வராம போரு பெயிலாச்சுன்னா தோட்டத்துக்காரன் சும்மா விடமாட்டான். ஊரே கூடிரும். வண்டியத்தான் புடிச்சு வெக்கப் பாப்பாங்க. வண்டி நின்னா நமக்குப் பொழப்பு போச்சு. அதனால மேனேஜர அங்கயே உட்டுட்டு வண்டிய அடுத்த பாயிண்டுக்கு நவுத்திருவோம். ஒண்ணும் பண்ணமாட்டாங்க. சோறெல்லாம் நல்லாப் போடுவாங்க. அப்பா பேசி முடிச்சதும் கூட்டியாந்துருவோம்."

முன்னால் இருந்த மேனேஜரை அப்படி விட்டுவிட்டு வந்ததுண்டா என்று கேட்டேன். உண்டாம், பல தடவை. அவர் வயதானவர், இனிமேல் முடியாது என்று நின்றுவிட்டாராம்.

"யாரு வந்து கூட்டியாருவீங்க?"

"நாந்தான்டா வருவேன். உன்னைய விட்டுருவனா?"

அவன் பொய் சொல்லவில்லை. வருவான். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. சிறுவயதில் அந்த விளையாட்டில் என் பெயரையே ஏன் கதவுக்கு முன்னால் போட்டான் என்று கேட்டேன். அவன் புருவத்தைச் சுருக்கினான். ஞாபகம் வந்ததும் சிரித்தான்.

"ஓ, அதா. மத்தவனுங்க பேரப் போட்டா சண்டைக்கு வருவானுங்கடா. மாமன் மவன் ஒருக்கா செத்ததுக்கே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டான். நீதான் ஒண்ணும் கேக்கமாட்ட."

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பாராட்டுகிற மாதிரியே சொன்னான். நான் நல்லவன் என்பதுதான் அவன் சொன்னதன் பொருள், அவனைப் பொறுத்தவரை.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியவை நிறைய. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அங்கே உட்கார்ந்திருந்தபோது ஷெட் வாசலில் அவன் அப்பாவின் கார் வந்து நின்றது. நான் எழுந்துவிட்டேன். வாயில் வந்தது இவ்வளவுதான்:

"நான் வரலைங்க. பயமா இருக்குதுங்க."

எப்போது "ங்க" வந்து ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு என் தோளில் தட்டி, பயந்தாங்கொள்ளி, படிச்சவனுங்களே இப்படித்தான் என்று அப்பா காதில் விழும்படி சிரித்தான். அவர் கார் கண்ணாடியை இறக்கி, வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்று அவனிடம் சொன்னார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பெட்டிக்குள் என் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். போகவில்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். மேனேஜர் வேலை என்றால் என்ன என்பதை மட்டும் சொன்னேன், விளையாட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் முட்டை அறையில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த ஒன்றை இத்தனை வருடம் கழித்துப் பிடுங்கிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

அம்மா கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"அது எனக்கும் தெரியுஞ் சாமி," என்றாள். "பழைய மேனேசர அப்படி உட்டுட்டு வந்தப்ப அவரு சம்சாரம் பண்ணைக்கு வந்து அழுதுட்டு நின்னுச்சு. நான்தான் தண்ணி குடுத்தேன்."

"தெரிஞ்சுமா என்னையப் போகச் சொன்ன?"

"அவரு படிக்காதவரு. நீ படிச்சவன். உன்னையெல்லாம் அப்படி நிறுத்தமாட்டாங்கன்னு நெனச்சுட்டேன்."

சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை. எங்களுக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஏமாந்திருக்கிறோம், அதுவும் யாரும் எங்களை ஏமாற்றாமலே.

கொஞ்ச நேரம் கழித்து, அங்கே என்ன காரணம் சொன்னாய் என்று கேட்டாள். பயமாக இருக்கிறது என்று சொன்னதாகச் சொன்னேன். அம்மா யோசித்தாள். மறுநாள் விடிந்தால் அவள் அதே பண்ணைக்குத்தான் போக வேண்டும்.

"அப்ப அதையே சொல்லிக்கலாம்," என்றாள்.

அப்படியே சொன்னாள். கேட்ட பெண்களுக்கெல்லாம், பையனுக்குத் தூர தேசம் போகப் பயம், இருட்டினால் வீட்டை விட்டு வெளியே போகமாட்டான் என்று கூட்டியும் சொல்லியிருக்கிறாள். மேனேஜர் ஊட்டை விட்டு நகரமாட்டேங்கிறாராமா என்று எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்ததாகப் பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னாள். ரொம்ப நேரம் சிரித்தாளாம்.