கதவு திறந்திருந்ததா, மூடியிருந்ததா

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு மெஹர்பானு அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நான் தெம்பனிஸில் ஒரு வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில், சுவரில் மாட்டிய கேஸ் வாட்டர் ஹீட்டரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் கரி. ஸ்பீக்கரில் போட்டு, "சொல்லுங்கக்கா" என்றேன்.

"அங்கிள், நான் ஷிரின். அம்மா மௌத்தாயிட்டாங்க, அங்கிள். சுபுஹு தொழுதுட்டுப் படுத்தவங்க எந்திரிக்கல. லுஹருக்கு அப்புறம் எடுக்குறோம்."

"சரிம்மா" என்றேன். பிறகு பர்னரைத் துடைத்தேன், மூடியை மாட்டினேன், திருகாணிகளை முடுக்கினேன், வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கினேன். கீழே வந்து வேனில் உட்கார்ந்த பிறகுதான், அவர் என்னிடம் இரண்டு முறை "ஆர் யூ ஓகே?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது.

இதைப் படிக்கும் வாடிக்கையாளர்கள் பலருக்கு அக்காவின் குரல் மட்டும்தான் தெரிந்திருக்கும். சிராங்கூன் சாலைக்குப் பின்னால், ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருக்கும் எங்கள் சிறிய சர்வீஸ் நிறுவனத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் தொலைபேசி எடுத்தவர் அவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் ஸ்பேனரைக் கையால் தொட்டதில்லை. ஆனால் ஹீட்டர் பாதியில் நின்றுவிடுகிறது என்று யாராவது கூப்பிட்டால், விலாசம் கேட்பதற்கு முன்பே கேள்விகள் தொடங்கிவிடும்.

"பத்தவே மாட்டேங்குதா, இல்ல நல்லா சுட்டுட்டு நிக்குதா? எத்தனை நிமிஷத்துல? ஷவர்ல மட்டுமா, சிங்க்லயுமா? தண்ணி வழக்கம்போல வருதா, மெலிசா வருதா? வீட்டுல புதுசா ஏதாச்சும் மாத்துனீங்களா?"

அளவுக்கு மீறிச் சூடானால் ஹீட்டர் தானாக நின்றுவிடும். அதற்கென்றே உள்ளே ஒரு சிறிய சுவிட்ச் உண்டு. தண்ணீர் குறைந்தாலும் சூடேறும், காற்று போதாவிட்டாலும் சூடேறும். எந்த வீட்டில் எது என்பதைப் பாதி நேரம் அவர் தொலைபேசியிலேயே கண்டுபிடித்துவிடுவார். நாங்கள் போய் அதை உறுதிசெய்துவிட்டு வருவோம். "நான் ஆயுசுக்கும் பச்சத் தண்ணிலதான் குளிக்கிறேன்லா. எனக்கு ஏன் இந்த வேலை குடுத்தாங்களோ" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அது என் தவறு. எங்கள் அலுவலகத்துக்கு வெளியே யாருக்கும் அது தெரியாது.

செங்காங்கில் ஒரு வீடு. குழந்தை பிறந்து மூன்று வாரமான இளம் தாய். பத்து நிமிடத்தில் ஹீட்டர் நின்றுவிடுகிறது என்று புகார். நான் போய்ப் பத்து நிமிடம் ஓட்டினேன், நிற்கவில்லை. மறுபடியும் ஓட்டினேன், அப்போதும் நிற்கவில்லை. அளவுக்கு மீறிச் சூடாகாமலே அவர்களுக்கு நிற்கிறதென்றால் சுவிட்ச்தான் கெட்டிருக்கிறது என்று முடிவு செய்தேன். மாற்று சுவிட்ச் கையில் இல்லை. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் வெந்நீர் இல்லாமல் எப்படி என்று நினைத்தேன். அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டதும் உண்மை. ஒரு துண்டு ஒயரால் அந்தச் சுவிட்சின் இரண்டு முனைகளையும் இணைத்துவிட்டுக் கிளம்பினேன். இனி எவ்வளவு சூடானாலும் அது நிற்காது.

அடுத்த வேலைக்காகச் சாங்கியில் வேனை நிறுத்தியபோது அக்கா கூப்பிட்டார்.

"செங்காங் முடிஞ்சுதா, குணா?"

"சுவிட்ச் போச்சுக்கா. பார்ட் வர்ற வரைக்கும் டைரக்ட் பண்ணிட்டேன்."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"அவங்க போன மாசம் கிச்சன் ரெனவேஷன் பண்ணியிருக்காங்க. ஹீட்டர சுத்தி கேபினட் போட்டிருக்காங்களா?"

"ஆமா."

"நீ ஓட்டிப் பார்த்தப்ப கேபினட் கதவு திறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?"

திறந்துதான் இருந்தது. கதவைத் திறக்காமல் ஹீட்டரை எப்படிப் பார்ப்பது? கிளம்பும்போது நானே அதை ஒழுங்காக மூடிவிட்டு வந்திருந்தேன். மூடிய கேபினட்டுக்குள் காற்று போதாமல்தான் ஹீட்டர் நின்றிருக்கிறது, சுவிட்ச் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் வாயில் வந்தது வேறு. "இங்க ஒரு அரை மணி நேர வேலைதான், முடிச்சிட்டுப் போறேன்க்கா" என்றேன்.

"நீ முடி. நான் போறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வீட்டுக்கு மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார், யாரும் எடுக்கவில்லை. தொலைபேசியை அப்படியே விட்டுவிட்டு, மூட்டு வலியோடு மாடிப்படி இறங்கி, டாக்சி பிடித்திருக்கிறார். நான் ஐந்து நிமிடம்கூட சாங்கியில் நிற்கவில்லை. விரைவுச்சாலையில் வந்ததெல்லாம் நினைவில் இல்லை. செங்காங்கில் நான் உள்ளே நுழைந்தபோது சமையலறை சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. எனக்கு முன்பே வந்துவிட்ட அக்கா கேஸ் வால்வை மூடச் சொல்லியிருந்தார். குளித்த தலையில் துண்டோடு அந்தப் பெண் ஹாலில் நின்றாள், தோளில் குழந்தை தூங்கியது. சமையலறையில் பலகை கருகிய வாசனை.

அக்கா கேபினட் கதவைக் காட்டினார். "தொட்டுப் பாரு."

தொட்டேன். கையை வைத்திருக்க முடியவில்லை. உள்ளே, ஹீட்டருக்கு மேலிருந்த பலகை உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பேறிப்போயிருந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. சூடு தணிந்ததும் ஒயரை எடுத்தேன், சுவிட்சைப் பழையபடி இணைத்தேன், கேபினட் கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்தேன். அத்தனை ஆண்டுகளில் அன்றுதான் அவர் ஒரு ஹீட்டரின் உட்பக்கத்தை முதன்முறையாகப் பார்த்தார். கிட்டே போய்க் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்.

மறுநாள் அவரே முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மூன்று மாதம் நான் எந்த வீட்டுக்கும் தனியாகப் போகக் கூடாது என்று உத்தரவு. நாற்பத்தைந்து வயதில், நேற்று வந்தவனுக்குப் பின்னால் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அக்காவோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் விலாசம் சொல்வார், நான் "ஓகே" என்பேன், அவ்வளவுதான். அவர் குரல் மட்டும் மாறவேயில்லை.

நோன்பு மாதம் வந்தது. ஒவ்வொரு ஆண்டும் பள்ளிவாசலிலிருந்து வாங்கிவரும் நோன்புக் கஞ்சியில் ஒரு டப்பாவை என் மேசையில் வைப்பார். அந்த ஆண்டும் வைத்தார். நான் திறக்காமல் அவர் மேசையில் திருப்பி வைத்தேன். மறுநாளும் வந்தது, அன்றும் திருப்பி வைத்தேன். மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாள் குடித்தேன்.

"சூடு இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சுக்கா."

எங்களுக்குள் பேசித் தீர்த்ததென்றால் அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் ஓய்வு பெற்றபோது எல்லோரும் பேசினார்கள். நான் கேக் வெட்டும் கத்தியைத் தேடுவதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் சுவா சூ காங் மையவாடியில் நல்ல வெயில். மற்றவர்களைப் பார்த்து நானும் மூன்று பிடி மண் போட்டேன். மண் ஈரமாக இருந்தது. அழுகை வரவில்லை, ஏன் வரவில்லை என்று யோசிக்கவும் தெம்பில்லை. திரும்பி நடக்கும்போது முதலாளி பக்கத்தில் வந்தார். செங்காங் விஷயமாக அக்கா அன்று தன்னிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தெரியும், நான் செய்ததைச் சொன்னார் என்றேன். அவர் இல்லை என்று தலையசைத்தார்.

அக்கா முதலில் தன் தவறைத்தான் சொன்னாராம். கிச்சன் புதிதாகப் போட்ட விவரத்தை அந்தப் பெண் காலையிலேயே சொல்லியிருக்கிறாள். அக்கா எழுதியும் வைத்திருக்கிறார். ஆனால் நான் கிளம்பும்போது என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். குணாவுக்குத் தண்டனை கொடுத்தால் எனக்கும் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். தொலைபேசி எடுக்கிறவருக்கு என்ன தண்டனை கொடுப்பது என்று முதலாளிக்குத் தெரியவில்லை. தனக்கு வர வேண்டிய பதவி உயர்வை அந்த ஆண்டு வேண்டாமென்று அக்காவே எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

"உன்கிட்ட அவர் சொல்லியிருப்பார்னு நினைச்சேன்" என்றார் முதலாளி. நான் இல்லை என்றேன். வேனில் ஏறி ஏர்கானைப் போட்டேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பழக்கம். வேலை முடிந்ததும் அந்த வீட்டில் வழக்கமாக எது எப்படி இருக்குமோ அப்படியே எல்லாவற்றையும் மூடிவிடுகிறேன், கதவுகளையும் சன்னல்களையும். பிறகு வெந்நீரைத் திறந்துவிட்டு இருபது நிமிடம் அங்கேயே நிற்கிறேன். வீட்டுக்காரர்கள் உட்காரச் சொல்வார்கள், குடிக்க ஏதாவது கொடுப்பார்கள், ஊர் விசாரிப்பார்கள். இருபது நிமிடம் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு, தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.