யாரும் பதில் போடாத பேக்கேஜ்

பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியின் 2.7 வெர்ஷனுக்கு ஆதரவு நின்று வருடங்கள் ஆகின்றன. புது வெர்ஷனுக்கு மாற முடியாதவர்களுக்காகப் பழைய பேக்கேஜ்களை, அதாவது மற்ற புரோகிராம்கள் நம்பியிருக்கும் சின்ன மென்பொருள்களை, பராமரிக்கும் தன்னார்வக் குழுவில் நானும் ஒருவன்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பேக்கேஜை நீக்கும் முன், 'யாராவது பயன்படுத்துகிறீர்களா?' என்று, பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும் மெயில் போகும் எங்கள் மெயிலிங் லிஸ்டில் கேட்போம். முப்பது நாள் பதில் இல்லையென்றால், எல்லோரும் இறக்கிக்கொள்ளும் தளத்திலிருந்து நீக்கிவிடுவோம். சென்சார் அளவுகளைப் படிக்கும் சின்ன பேக்கேஜ் ஒன்றை அப்படித்தான் நீக்கினேன். பரணைச் சுத்தம் செய்தவன்போல் பெருமையாக டீ குடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் மெயில் வந்தது. மண்ணூர்பேட்டை டயாலிசிஸ் மையத்தின் டெக்னீசியன் செல்வம் எழுதியிருந்தார். தண்ணீர் சுத்திகரிப்பைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் போய், எல்லாவற்றையும் மறுபடி இன்ஸ்டால் செய்திருக்கிறார். நான் நீக்கிய பேக்கேஜ் மட்டும் கிடைக்கவில்லை. அது ஓடாமல் மெஷின்களுக்குத் தண்ணீர் போகாது. மெயிலில் இருந்த நம்பருக்கு உடனே கூப்பிட்டேன்.

"நாலு பேஷண்ட் காத்துகினு கீறாங்க சார். ஒருத்தருக்கு மூச்சு வாங்குது. இன்னா பண்றது?"

"இதோ வர்றேன்!" என்றேன்.

என் லேப்டாப்பில் காப்பி இருந்தது. பென் டிரைவில் ஏற்றி, மனைவியின் ரோஸ் கலர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெள்ளானூரிலிருந்து பைக்கில் பறந்தேன். அம்பத்தூர் டிராபிக் என் வீரத்தை மதிக்கவில்லை. போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது.

செல்வம் பென் டிரைவைப் பார்த்தார். என் ஹெல்மெட்டையும் பார்த்தார்.

"மெயில்லயே அனுப்ச்சிருக்கலாமே அண்ணாத்தே? பத்து நிமிசத்துல முடிஞ்சிருக்கும்."

இருபது வருட சாஃப்ட்வேர் அனுபவத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. சிரிக்க வாயெடுத்தேன். கட்டிலில், மூச்சுக்காகப் பாதி எழுந்து உட்கார்ந்திருந்த வசந்தா அம்மா கண்ணில் பட்டார். கால்கள் வீங்கியிருந்தன. ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்து மகனோடு வந்தவர். என் அறிவாளித்தனத்தால் அவர் காத்திருந்தது ஒரு மணி நேரம். சிரிப்பு அடங்கிவிட்டது.

செல்வம் பேக்கேஜைப் போட்டார். திரையில் அளவுகள் ஓடின. தண்ணீரைச் சோதித்துவிட்டு நர்ஸ் முதலில் வசந்தா அம்மாவிடம் போனார்.

ஊசி ஏறிய பிறகு வசந்தா அம்மா என்னைக் கூப்பிட்டார். "ஏன் நைனா, அத்த எதுக்கு எடுத்த?"

"முப்பது நாள் கேட்டேம்மா. யாரும் வேணும்னு சொல்லல."

அவர் செல்வத்தைப் பார்த்தார். செல்வம் உதட்டைப் பிதுக்கினார். அவர் அந்த மெயிலிங் லிஸ்டிலேயே இல்லை.

"எங்களாண்ட யாரும் கேக்கலியே," என்றார் வசந்தா அம்மா. கோபமில்லை, தகவல் சொல்வதுபோல்தான்.

பழைய வெர்ஷனை நம்பியிருப்பவர்கள் மெயிலிங் லிஸ்ட் படிப்பவர்கள் அல்ல. ஓடுகிறவரை தொடாமல் வைத்திருப்பவர்கள். அவர்களுடைய மௌனத்தைத்தான் நான் சம்மதமாக எண்ணியிருந்தேன்.

இப்போது எங்கள் குழு எதையும் அழிப்பதில்லை. பராமரிக்க முடியாததை, எச்சரிக்கைக் குறிப்போடு பழையவற்றின் கிடங்குக்கு நகர்த்துகிறோம். நகர்த்தும் முன் பார்க்க வேண்டிய பட்டியலில் முதல் வரியை நான்தான் எழுதினேன்: 'யாரிடம் கேட்கவில்லை?'