அரைக்கீரை கேட்ட மதியம்

காலை பதினொன்று இருபதுக்கு மகளிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு வரி வந்தது. "போனையும் ஆதார் ஒரிஜினலையும் வாங்கி வெச்சுக்கிறாங்கம்மா, அப்புறம் பேசறேன்." உடனே கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப் என்று ஒரு பெண் குரல் கன்னடத்தில் சொன்னது.

அன்று அவளுக்கு ஒரு நாள் சோதனை வேலை. செயலியில் கேட்டதைப் பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார்களே, அப்படி ஒரு கம்பெனியின் கிடங்கு. அலமாரியிலிருந்து சாமான்களை எடுத்துப் பையில் போட்டுக் கொடுக்க வேண்டும். சரியாகச் செய்தால் வேலை, இல்லாவிட்டால் மாலையில் அனுப்பிவிடுவார்கள். பி.காம். முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறாள். "இதுவும் ஊத்திக்கிச்சுன்னா இனிமே எங்கயும் போகச் சொல்லாதே" என்று முந்தின நாளே சொல்லிவிட்டாள்.

ஒரிஜினல் என்ற சொல்தான் என்னைக் கலக்கியது. போன வருடம் சிவாஜிநகரில் ஒரு மூன்றாவது மாடி அலுவலகம், வேலை தருகிறோம் என்று அவளுடைய ஒரிஜினல் மார்க்ஸ் கார்டுகளை வாங்கி வைத்துக்கொண்டது. மறுவாரம் போனபோது கதவில் பூட்டு. டூப்ளிகேட் வாங்க நாங்கள் பல்கலைக்கழகத்துக்கு அலைந்த அலைச்சல் இன்னும் காலில் இருக்கிறது.

நேரில் போய்ப் பார்க்கவும் வழியில்லை. அந்தக் கிடங்குக்குப் பெயர்ப்பலகை கிடையாது, நீலசந்திரா பக்கம் ஏதோ ஒரு சந்து என்று மட்டும் தெரியும். தெரிந்தாலும் போக முடியாது. ஒரு துணிக்கடை நேர்காணலுக்கு நான் கூடப் போயிருந்தபோது, "அம்மாவுக்கும் சேர்த்து வேலை வேணுமா?" என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டார். அன்றிலிருந்து நான் கூட வரக்கூடாது என்று மகள் தடை போட்டுவிட்டாள்.

நான் தங்கவயலில் வளர்ந்தவள். சுரங்கத்துக்குள் இறங்கும்போது அப்பா ஒரு பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு போவார், மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பார். ஷிப்ட் முடிந்தும் ஆள் வரவில்லையென்றால் வீட்டுப் பெண்கள் போய், டோக்கன் வந்துவிட்டதா என்று கேட்பார்கள். கேட்பதற்கு அங்கே ஒரு ஜன்னல் இருந்தது. இங்கே எந்த ஜன்னலில் போய்க் கேட்பது?

மேலே வந்த கீழ்வீட்டு அக்காவிடம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

"ஒரிஜினல் குடுத்துட்டாளா? போச்சு போ. வேலைன்னு சொல்லி வண்டியில ஏத்திக்கிட்டு வேற ஊருக்கே போயிடறானுங்களாம்."

"சும்மா இருங்கக்கா."

"நான் சும்மாத்தான் இருக்கேன். நீதான் வெறும் குக்கரை அடுப்புல ஏத்தியிருக்கே."

குக்கரை இறக்கும்போதுதான் அது தோன்றியது. "நம்ம ஏரியாவுக்கு எல்லாமே அங்கேருந்துதாம்மா வருது" என்று மகள் சொல்லியிருந்தாள். செயலியைத் திறந்து ஒரு பாக்கெட் பால் ஆர்டர் செய்தேன். பாலோடு வந்தவர் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை. உள்ளே புதிதாக ஒரு பெண் இருக்கிறாளா என்று நான் கேட்டு முடிப்பதற்குள், "ஜல்தி இருக்கு மேடம்" என்று படியிறங்கிவிட்டார்.

அடுத்து ஒரு கட்டு அரைக்கீரை கேட்டேன். இந்த முறை வந்தவருக்கு என் வயது இருக்கும். குடிக்கத் தண்ணீர் கேட்டார். எடுத்து வந்து கொடுத்துவிட்டுப் பையைப் பிரித்தேன். உள்ளே இருந்தது வெந்தயக்கீரை.

என் மகளுக்குக் கீரை என்றால் எல்லாம் ஒன்றுதான். கடைக்கு அனுப்பினால், எந்தக் கீரையைச் சொன்னாலும் வெந்தயக்கீரையோடுதான் திரும்புவாள். நானும் விடாமல் திட்டி, மாற்றி வாங்கி வரத் திருப்பி அனுப்புவேன். அந்தக் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"தப்பா வந்திருக்கா மேடம்? இப்பவே சொல்லுங்க, திருப்பி எடுத்துட்டுப் போறேன். போன்ல கம்ப்ளெயின்ட் மட்டும் போடாதீங்க. உள்ள ஒரு பொண்ணு இன்னிக்கு டிரையல்ல இருக்கு, அது தலையில விடிஞ்சிரும்."

"இல்லைங்க, நான் கேட்டது இதுதான். அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?"

"எப்படின்னா? ஓடிக்கிட்டே இருக்கு. அங்க எல்லாரும் ஓடணும்."

போனில் செயலி, எல்லாம் சரியாக வந்ததா என்று கேட்டது. சரி என்று அழுத்தினேன்.

"வெந்தயக்கீரை வந்தா பொண்ணே வந்த மாதிரியா?" என்றார், இன்னும் போகாமல் உட்கார்ந்திருந்த அக்கா. அவர் கேட்டதும் நியாயம்தான். டிரையலில் இருப்பது வேறு யாராவது வீட்டுப் பெண்ணாக இருந்தால்? கீரையை ஆய்ந்து, பருப்போடு கடைந்து வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய போன் அணைந்தேதான் இருந்தது. இன்றைக்கும் அவள் போன் சுவிட்ச் ஆஃப் என்று வந்தால் கை தானாகச் செயலிக்குப் போகிறது.

வெயில் இறங்கிய பிறகு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள். கழுத்தில் கயிறு போட்ட ஒரு அட்டை. பையிலிருந்து ஆதாரை எடுத்து மேசையில் வைத்தாள்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வரச் சொல்லிட்டாங்கம்மா. போனை ஷிப்ட் முடியற வரைக்கும் லாக்கர்ல வெச்சிருவாங்க, அதான் பேச முடியல. பயந்துட்டியா?"

"இல்லையே."

தட்டில் சோறு போட்டுக் கடைசலை ஊற்றினேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்:

"யாரோ அரைக்கீரை கேட்டாங்கம்மா, ஸ்கேனர் மக்கர் பண்ணிச்சு, நான் பாட்டுக்கு வெந்தயக்கீரையைப் போட்டு அனுப்பிட்டேன். பை போன பிறகுதான் தெரிஞ்சுது. கம்ப்ளெயின்டே வரல. யாரோ நல்லவங்க. உன்னை மாதிரி ஆளா இருந்திருந்தா, நான் இன்னைக்கே வீட்டுக்குத்தான்."