பட்டுப்புடவைக் கவரில் இட்லி

உணவுப் பொட்டலத்தின் மேல் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ அந்தப் பொருள்தான் உள்ளே இருக்க வேண்டும். வேறு ஏதாவது இருந்தால் அது தவறான பெயரிட்டு விற்ற குற்றம். விதியின் சாரம் இவ்வளவுதான். ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகியும் எனக்கு இது தூக்கத்தில்கூட வருகிறது. மற்றவர்களுக்குப் பேரன் பேத்திகள் வருகிறார்கள்.

போன வாரம் மருமகன் சென்னையிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். காற்றை உறிஞ்சி இறுக்கிய பிளாஸ்டிக் உறை, மேலே தங்க எழுத்தில் ‘காஞ்சிபுரம் இட்லி’. காஞ்சிபுரத்துக்காரனுக்குச் சென்னையிலிருந்து காஞ்சிபுரம் இட்லி. பின்பக்கத்தைத் திருப்பினேன். சேர்த்த பொருட்கள், தயாரித்த நாள், கெடும் நாள், பச்சைப் புள்ளி, எல்லாம் சட்டப்படி இருந்தன. குறை கண்டுபிடிக்க முடியாமல் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. கத்தரித்ததும் மிளகும் சுக்கும் மணந்தன. மந்தாரை இலையின் வாசனை மட்டும் இல்லை. அது எப்படியிருக்கும் என்று கேட்டால், வெந்நீர் ஊற்றிய சருகும் கொஞ்சம் நல்லெண்ணெயும் என்பேன். சுமாரான வருணனைதான். கோப்பு எழுதிய கைக்கு அவ்வளவுதான் வரும்.

அந்த வாசனை என் நினைவில் சுலோசனாக்காவின் கூடையிலிருந்து வருவது. எழுபதுகளின் தொடக்கத்தில், உணவுக்கடை உரிமங்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அலுவலகத்தில் நான் இளநிலை எழுத்தர். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். ஓய்வூதியம் அங்கிருந்துதான் வருகிறது. சுலோசனாக்கா முசரவாக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, பெரிய காஞ்சிபுரத்தில் பஸ் ஏறுகிற இடத்தில் உட்காருவார். மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை பரப்பி அவித்த இட்லி, கை நீளம் இருக்கும். அதைச் சுடச்சுட வில்லையாக அறுத்து, எண்ணெய் தடவி, இலையில் கட்டிக் கொடுப்பார். இரண்டு நாள் கெடாது. புடவை எடுக்க வந்தவர்கள் ஊருக்கு வாங்கிப் போவார்கள்.

இலைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒழுகும். என் மேசையில் பாதிக் கோப்புகள் ஓரத்தில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவதற்குக் காரணம் அந்த எண்ணெய்தான். என் கோப்பு போனால் யாரும் அழமாட்டார்கள். ஒரு சென்னைக் குடும்பம் முகூர்த்தப் புடவை இருந்த பையிலேயே இட்லிப் பொட்டலத்தையும் வைத்துவிட்டது. சுங்குவார்சத்திரம் போவதற்குள் முந்தானையில் எண்ணெய். அவர்கள் திரும்பி வந்து பட்டுக்கடையில் போட்ட சத்தம் எங்கள் அலுவலகம்வரை கேட்டது. மறுநாள் அந்தக் கடைச் சிப்பந்தி, புடவை போட்டுத் தருகிற பிளாஸ்டிக் கவரில் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு சுலோசனாக்காவிடம் வந்தார்.

“யக்கா, உன் இட்லியால எங்க பொழப்பு போவுது. இனிமே இதுல போட்டுக் குடு.”

“இன்னாபா இது, கண்ணாடி கணக்கா இருக்குது?”

“தண்ணி ஊத்தினாக்கூட ஒழுகாது. வேணும்னா ஊத்திப் பாரு.”

அவர் ஊற்றிப் பார்த்தார். ஒழுகவில்லை. கண்டக்டர், டிரைவர், பூக்காரி எல்லாரும் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நானும் நின்றேன், அலுவலக நேரத்தில்தான். உண்மையில் அது அதிசயமாகவே இருந்தது. கனமில்லை, கிழியவில்லை, உள்ளே இருப்பது வெளியே தெரிந்தது. ஒரு கவரை நான் கேட்டு வாங்கி மதிய உணவுக்கு வைத்துக்கொண்டேன். அதைக் கழுவிக் கழுவி மூன்று மாதம் ஓட்டினேன். அந்த மூன்று மாதக் கோப்புகளில் எண்ணெய்க் கறை இருக்காது.

அப்புறம் புகார் வந்தது. கவரில் வாங்கிப் போன ஒருவர் மறுநாள் பிரித்திருக்கிறார். இட்லி வியர்த்து, பிசுபிசுத்து, புளித்திருந்தது. போதாக்குறைக்கு இட்லியின் மேல் ரோஜா நிறத்தில், தலைகீழாக, ‘அசல் பட்டு, சாயம் போகாது’ என்ற எழுத்து ஒட்டியிருந்தது. கவரையே சாட்சியாகக் குண்டூசியில் குத்தி அனுப்பியிருந்தார்.

சுலோசனாக்காவை வரச் சொன்னோம். அவர் மழுப்பவில்லை.

“இருவது வருசமா சூட்டோடதான் கட்டிக்கினு இருக்கேன். இலைன்னா ஆவிய வுட்டுரும். இது வாய மூடிக்கினு உள்ளயே வச்சிக்கிது. எனுக்குத் தெரியலப்பா. இப்ப இலைக்கே போய்ட்டேன்.”

எங்கள் உணவு இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். “கண்டிச்சு அனுப்பிடலாம்பா, ஒரு வரி எழுது” என்றார். அந்த ஒரு வரியை நான் எழுதியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. நான் மூன்று பக்கம் எழுதினேன். கவரில் ‘அசல் பட்டு’ என்று இருக்கிறது. உள்ளே இட்லி இருக்கிறது. பிற தொழிலுக்கென அச்சிட்ட வாசகம் உணவின் பெயர்ச்சீட்டாகக் கருதப்படுமா? கருதப்பட்டால் எந்தப் பிரிவு, கருதப்படாவிட்டால் எந்தப் பிரிவு? அலுவலக மேனேஜர் படித்துவிட்டு, “பலே! மேல எழுதித் தெளிவுரை கேட்டுடு” என்றார். அந்தப் ‘பலே’யை இரண்டு நாள் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தேன். தெளிவுரை வரும்வரை உரிமம் புதுப்பிக்கக் கூடாது என்பது மூன்றாம் நாள்தான் மனதில் உறைத்தது. பங்குனி முடியப் போகிறது. சுலோசனாக்காவின் பழைய உரிமமும் முடியப் போகிறது.

அவர் திங்கட்கிழமைதோறும் வந்தார்.

“கருட சேவைக்குள்ள குடுத்துடு தம்பி. அந்த ஒரு நாளு வியாபாரத்துலதான் எனுக்கு வருசமே ஓடுது. மூணு குடலை புச்சா வாங்கி வச்சிருக்கேன்.”

வைகாசி கருட சேவைக்கு ஊர் எப்படி நிரம்பும் என்று உங்களுக்குத் தெரியும். உரிமம் இல்லாத கூடையை அன்றைக்குத்தான் குறிப்பாக விரட்டுவார்கள். நான் முதல் நினைவூட்டு அனுப்பினேன். இரண்டாவதும் அனுப்பினேன். மேலலுவலகத்தில் இருந்த நண்பனிடம் விசாரித்தேன். இதற்கு முன்னுதாரணம் இல்லை என்பதால் முன்னுதாரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றான்.

“இட்லி பட்டா இல்லியான்னு பாக்கறதுக்கு இத்தினி நாளா?” என்று கேட்டார் சுலோசனாக்கா. மேனேஜரே சிரித்துவிட்டார். அக்கா என் பக்கம் திரும்பினார். “நீதான எழுதின? நீயே அடிச்சிட்டு வேற எழுதேன்பா.”

“கோப்புல ஏறினத அடிக்க முடியாதுக்கா.”

“பென்சில்ல எழுதியிருக்கக் கூடாதா?”

நான் மூன்றாவது நினைவூட்டை எழுதினேன், பேனாவில்தான்.

கருட சேவையன்று விடியலில் தெருவில் நின்றிருந்தேன். கூட்டத்தில் சுலோசனாக்கா தெரிந்தார். தலையில் பூ, கையில் கூடை இல்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குள் பார்த்துவிட்டார்.

“சாமி பாக்க வந்தேன் தம்பி. இதுக்கு லைசென்ஸ் வேணாமில்ல?”

அவருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் அந்த இடத்தில் உட்காரவில்லை. கூரம் பக்கம் யாரோ வீட்டில் சமையலுக்குப் போகிறார் என்று கண்டக்டர் சொன்னார். அந்த இடத்தில் பிஸ்கெட் பாக்கெட்டுகள் தொங்கும் கடை வந்தது. பிறகு அதுவும் போனது. மந்தாரை இலைக் கட்டு விற்றவர்களை இப்போது காணோம். பொட்டலத்தைப் பிரித்ததும் இலையைத் தின்னக் காத்திருந்த மாடுகளையும் காணோம். திருவிழா முடிந்த தெருவில் கவர்கள் கிடக்கின்றன, அவற்றைத் தடை செய்த அறிவிப்பும் கிழிந்து கிடக்கிறது. இட்லி மட்டும் கெடாமல் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மேலலுவலகத்திலிருந்து பதிலும் வந்தது. ‘எச்சரித்து அனுப்பினால் போதுமானது’ என்று ஒரே வரி. உறையின் மேல் வந்துசேர்ந்த தேதி முத்திரையை நான்தான் குத்தினேன். கருட சேவைக்கு மறுநாள், காலைத் தபால்.